கிளட்சை மிதித்தவர்

"அந்த அம்பாசிடரை நாலு கிலோமீட்டர் ஓட்டியாந்தேன். கிளட்சு மேல என் காலு படவே இல்ல. அப்போ யாரு மிதிச்சாங்கன்னு கேளுங்க, சொல்றேன். வூட்டுல கட்டில்ல கெடக்குறாரே பழமல, அவுருதான் மிதிச்சாரு!"

ஜங்ஷன் ரோட்டு டீக்கடையில் கோதண்டபாணி இப்படி அறிவித்ததும், ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி வழியில் நின்று, யோசித்து, பிறகுதான் கிளாஸில் விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் தவல வடையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். சிரிக்க அவர்களுக்கு நியாயம் இருந்தது. அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் கோதண்டபாணி. சேத்தியாத்தோப்பில் ஒரு பக்கம் ஸ்பிரிங் பட்டை முறிந்த பஸ்ஸை, பயணிகளையெல்லாம் மறுபக்கம் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியே டிப்போ கொண்டுவந்து சேர்த்தவர். வேப்பூரில் பிரேக் போன லாரியை வாயால் திட்டியே நிறுத்தியவர். எல்லாம் அவரே சொன்னதுதான்.

அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது ஊர் வழக்கம். இந்தக் கதையிலும் கழிக்க வேண்டியது உண்டு. தூரம் நாலு கிலோமீட்டர் இல்லை, இரண்டு. கிளட்சில் அவர் கால் முதல் பாதித் தூரம் இருந்தது. இதற்கு மேல் கழிக்க ஒன்றுமில்லை.

பழமலைநாதனுக்குச் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் உண்டு. பீங்கான் பியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் செய்துகொண்டிருந்தார். கொரோனா ஓய்ந்த மறு வருஷம், சூளை பற்றவைக்க வேண்டிய ஒரு காலையில், தன் வெள்ளை அம்பாசிடரை எப்போதும்போல ஷெட்டுக்கு உள்ளேயே ஓட்டிவந்து நிறுத்தினார். கதவைத் திறந்து வலது காலை ஊன்றினார். இடது கால் அதோடு சேர்ந்து வரவில்லை. அவர் மட்டும் வெளியே விழுந்தார். ஓடிவந்த ஆட்கள் அந்தக் காலை கிளட்ச் பெடலிலிருந்து கையால் எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. பக்கவாதம்.

"ஆளைத் தூக்கியாந்துட்டாங்க. காலு மட்டும் வண்டியிலயே தங்கிடுச்சு" என்று கோதண்டபாணி அப்போதே சொன்னார். யாரும் சட்டை செய்யவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அவர் மணிமுத்தாற்றில் முதலை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

கையில் கொஞ்சம் அசைவு திரும்பியது. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாகக் குழறி வந்தது. இடது கால் திரும்பவில்லை. மனைவி அன்புக்கரசி தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி, இடுப்பு ஒடிந்துபோனாள். மகள் துர்கா சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். இந்தச் சித்திரையில் லீவு போட்டு வந்தவள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேன் சொல்லிவிட்டாள். அப்பாவையும் அம்மாவையும் சென்னைக்கே கூட்டிப்போய்விடுவது, வீட்டைப் பூட்டிவிடுவது, ஷெட்டைக் காலி செய்து கொடுத்துவிடுவது.

வியாழக்கிழமை காலை கோதண்டபாணி போனபோது, துர்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் இடது பாதத்தின் கீழ் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"அப்பா, என் கைய அழுத்துங்க."

பழமலைநாதன் கண்ணை மூடி, நெற்றி நரம்பு புடைக்க, முக்கினார். பாதம் சந்தைக்கு வந்த முட்டைக்கோஸ் மாதிரி சும்மா இருந்தது.

"தினம் இதைத்தான் செய்யறா" என்றாள் அன்புக்கரசி. "அவுரு அழுவறாரு. இவ கைய எடுத்துக்கறா."

"ஒரே ஒரு தடவை அழுத்தட்டும்மா. நானே வேனை வேணாம்னு சொல்லிடறேன். லீவ நீட்டிக்கிட்டு இங்கயே இருந்து நடக்க வெக்கிறேன். உயிரே இல்லாத கால வெச்சிக்கிட்டு நீ ஒத்தையில என்னா பண்ணுவ? உன் இடுப்பும் போயிட்டா ரெண்டு பேரையும் யாரு தூக்குறது?"

"அங்க ஆறாவது மாடியில படுக்கப்போட்டா சன்னல்ல என்னா தெரியும்? காக்கா கூட அவ்ளோ ஒசரம் வராது. இங்கன்னா போறவங்க வரவங்க எட்டிப் பாத்து ஒரு வார்த்த பேசிட்டுப் போறாங்க."

கோதண்டபாணிக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவர் சொன்ன கதைகளை எல்லாம் சிரிக்காமல் கேட்டு, "அப்புறம்?" என்று கேட்ட ஒரே ஆள் பழமலைநாதன்தான். முதலையைக்கூட நம்பியவர். அவர் போய்விட்டால் விருத்தாசலத்தில் வாயைத் திறந்து என்ன பயன்?

அப்போது பழமலைநாதன் கண்ணைத் திறந்தார். "வண்டி" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வாசல்ல" என்றார்.

"வண்டிய வாசலுக்குக் கொண்டாரச் சொல்றாரு" என்றாள் அன்புக்கரசி. "போறதுக்கு முன்னாடி பாக்கணுமாம். நேத்துலருந்து இதான்."

"அத வெட்டித்தான் எடுக்கணும்னு பழைய இரும்புக்காரரு சொல்லிட்டாரு மாமா. சக்கரமே உருளலயாம்."

"வெட்டறானா? அட போம்மா! சக்கரமே இல்லாத வண்டிய பெண்ணாடம் வரைக்கும் ஓட்டுனவன் நானு. ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த வாசல்ல அது நிக்கும்."

பழமலைநாதனின் உதட்டில் வலது பாதி மட்டும் சிரித்தது.

விருத்தாசலத்தில் சித்திரை வெயில் அடித்தால் காக்கை பறக்காது. நிழல் நிழலாகப் பார்த்து நடந்துதான் போகும். அன்று உச்சி வேளையில் தொழிற்பேட்டையில் அதுவும் இல்லை. ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நைனா முகம்மது பேட்டரியும் பெட்ரோல் கேனும் பிரேக் ஆயிலும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மகன்கள் துபாயில். கடையை மருமகளிடம் விட்டுவிட்டு ஊர் வம்புக்கெல்லாம் முன்னால் நிற்பவர்.

ஷெட் கதவைத் தள்ளியதும் இரண்டு பேருமே வாசலில் நின்றுவிட்டார்கள்.

உள்ளே எல்லாம் வெள்ளை. தரை, உத்தரம், சிலந்தி வலை எல்லாவற்றின் மேலும் பீங்கான் மண் தூசு படிந்திருந்தது. மூன்று சுவரிலும் அலமாரித் தட்டு. தட்டு நிறையப் பொம்மைகள். ஒருமுறை சுட்டு எடுத்து, வர்ணம் பூசுவதற்குள் வேலை நின்றுபோனவை. கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். அதனால் பிள்ளையாருக்கும் கண் இல்லை, செட்டியாருக்கும் கண் இல்லை, தலையில் குடம் வைத்த பெண்ணுக்கும் கண் இல்லை. நூற்றுக்கணக்கான குருட்டு முகங்கள் நடுவே, தூசுப் போர்வை போர்த்திய அம்பாசிடர். மருத்துவமனையில் துணி மூடிய ஆள் மாதிரி.

"கோதண்டம், மூச்சு விடுற மாதிரி இல்ல?" என்றார் நைனா முகம்மது.

"காத்து பாய்."

"காத்து எங்கடா இருக்குது? வெளிய ஒரு எல கூட ஆடல."

டயருக்குக் காற்றடித்தார்கள். ஒட்டிப்போயிருந்த பிரேக்குகளைத் தட்டி விடுவித்தார்கள். கெட்ட பெட்ரோலை இறக்கிப் புதுசு ஊற்றினார்கள். கிளட்ச் பெடலை மிதித்தால் அது எதிர்ப்பே இல்லாமல் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆயில் வற்றிவிட்டது. ஊற்றி, குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கோதண்டபாணி சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். டார்ச்சை அடித்தார்.

"பாய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு தட்டுப் பொம்மைகள் கலகலத்தன.

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில், கிளட்ச் இருக்கும் இரும்புக் கூட்டின் பக்கவாட்டில், ஒரு கை இருந்தது. வெள்ளைக் கை. ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கை ரேகை முதற்கொண்டு, கூட்டை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்திருந்தது.

நைனா முகம்மது குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். நேரே வாசலுக்குப் போய் வெயிலில் நின்றுகொண்டார். "நான் இங்கேருந்தே ஒதவி பண்றேன்" என்றார்.

கோதண்டபாணி ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டுப் பார்த்தார். மண். காய்ந்து இறுகிய மண். கூட்டில் கிளட்ச் கம்பி வெளியே வரும் ஓட்டையை யாரோ மண் அப்பி அடைத்து, கையால் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சைலன்சர் வாயிலும் அதே மண், அதே கை. சைலன்சரைக் குத்தி எடுத்தார். கூட்டின் மேல் இருந்ததைக் குத்த ஏனோ மனசு வரவில்லை. சுற்றிலும் லேசாகக் கீறி விட்டுவிட்டு, காற்றெடுக்கும் வேலையைப் பார்த்தார்.

பெடல் கெட்டிப்பட்டது. கோதண்டபாணி உள்ளே உட்கார்ந்து கியர் லீவரை ஆட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் ஓரத்தில் அது லொடலொடவென்று ஆடியது. நியூட்ரல். நைனா முகம்மது தைரியம் வந்து பானெட்டுக்கு முன்னால் நின்றார். கோதண்டபாணி எதற்கும் இருக்கட்டும் என்று கிளட்சை அடிவரை மிதித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் பிடிக்கவில்லை. ஆனால் வண்டி முன்னால் பாய்ந்தது.

நைனா முகம்மது அறுபத்தைந்து வயதில் தாண்டிய உயரத்தைச் சொன்னால் ஒலிம்பிக்கில் கூப்பிட்டுவிடுவார்கள். அலமாரிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. ஒரு பொம்மை விழுந்து உருண்டு, சக்கரத்தில் முட்டி, மல்லாந்து கிடந்தது.

"கிளட்ச மிதிச்சிருந்தேன் பாய்! நியூட்ரல்ல இருந்துச்சு!"

"அப்போ யாரு ஓட்டுனா?"

இதற்குப் பதில் சொல்வதற்குள் கோதண்டபாணியின் செல்போன் அடித்தது. அன்புக்கரசி.

"அண்ணே, அங்க என்னா பண்ணீங்க?"

"ஏன்மா?"

"தூங்கிக்கிட்டிருந்தவரு பட்டுனு கண்ணத் தொறந்து, 'ஒண்ணுல கெடக்குது'ன்னாரு. எதுல ஒண்ணு, என்னா ஒண்ணுன்னு தெரியல."

கோதண்டபாணி மறுபடி அடியில் நுழைந்தார். லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கம்பியின் பின் கழன்று தொங்கியது. அதனால்தான் லீவர் சும்மா ஆடியிருக்கிறது. பாக்ஸ் உள்ளே முதல் கியரில் கிடந்தது. அடியிலிருந்தே அதைப் போனில் கத்திச் சொன்னார்.

போனில் இப்போது துர்கா. "மாமா, அப்பா எப்பவும் ஷெட்டுல ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுத்தான் நிறுத்துவாரு. ஹேண்ட் பிரேக் பிடிக்காதில்ல, அதான். அது ஞாபகம் வந்திருக்கும். பேய்க் கதைய ஆரம்பிச்சிடாதீங்க."

"தூங்குற ஆளுக்கு ஏன்மா சரியா இப்போ ஞாபகம் வருது?"

"காலையில வந்து வண்டி வண்டின்னு கத்திட்டுப் போனீங்களே. எனக்கே கனவுல வண்டிதான் வரும்."

கம்பியை மாட்டி, நியூட்ரலுக்கு இழுத்து, மறுபடி சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிடித்தது. ஷெட் முழுக்க அதிர்ந்தது. சந்தோஷத்தில் கோதண்டபாணி ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டார்.

"அண்ணாந்து பாரு கோதண்டம்" என்றார் நைனா முகம்மது.

தட்டுகள் அதிர அதிர, பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தாமே திரும்பிக்கொண்டிருந்தன. மெதுவாக, அரை விரல் அரை விரலாக. எஞ்சினை அணைத்தபோது மூன்று சுவரிலும் கண்ணில்லாத முகங்கள் வண்டியைப் பார்த்து நின்றன. அதிர்வில் திரும்புகிறது, வேறென்ன என்று கோதண்டபாணி சொன்னார். சொல்லிவிட்டு அவரும் போய் வாசல் வெயிலில் நின்றுகொண்டார்.

எஞ்சின் ஓடினாலும் கியர் விழவில்லை. கிளட்சை மிதித்து லீவரைத் தள்ளினால் பாக்ஸுக்குள் பல்லைக் கடிக்கும் சத்தம். எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளினால் நாலு கியரும் சொன்ன பேச்சுக் கேட்டு விழுந்தன.

"பாக்ஸு தங்கம்" என்றார் கோதண்டபாணி. "கிளட்சு பிளேட்டு எஞ்சின் சக்கரத்துல, அதான் பிளைவீல்ல, ஒட்டிக்கிச்சு. தோசக்கல்லுல தீஞ்ச தோச மாதிரி. பெடல மிதிச்சாலும் பிரியாது. எஞ்சின் சுத்துனா பாக்ஸும் கூடவே சுத்தும்."

அந்த நேரத்தில் அன்புக்கரசி தூக்குவாளியில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வண்டிக்கடியில் கை இருப்பதை நைனா முகம்மது, முழங்கை வரை இருந்ததாகவே சொன்னார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். சாக்கில் சாய்ந்து, கையை நீட்டி, மண்ணில் இருந்த கையின் மேல் தன் கையை வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது.

"என் கையிதான்" என்றாள்.

இரண்டு ஆண்களும் குனிந்து அவள் கையைப் பார்த்தார்கள்.

"சூளைக்குள்ள சரக்க அடுக்கிட்டா வாய மண்ணு வெச்சிப் பூசி, கையால அழுத்தி மூடுவோமில்ல. எப்பவும் நான்தான் மூடுவேன். அவுர ஆஸ்பத்திரியில சேத்துட்டு, ஷெட்ட பூட்ட இங்க வந்தேன். வண்டியில எலி ஏறிடும்னு ஆளுங்க சொன்னாங்க. ஓட்ட எங்கெங்க தெரிஞ்சிச்சோ எல்லாத்துலயும் மண்ண வெச்சேன். அவுரு திரும்பி வர்ற வரைக்கும் உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டும்னு."

"எம்மா, சூளைய மூடிட்டு நெருப்பு வெப்பீங்க. இதுல நெருப்பு ஏது? ஈர மண்ணு. உள்ள ஈரம் போறதுக்கு வழியில்லாம, துருப்புடிச்சி பிளேட்டு ஒட்டிக்கிச்சு!"

"ஒட்டிக்கிட்டுதான இருக்குது? வுட்டுப் போவலயே" என்றாள் அன்புக்கரசி. பிறகு ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, தன் கையைத் தானே உடைத்து எடுத்தாள். உள்ளேயிருந்து நாள்பட்ட ஈரவாடை அடித்தது. அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. களியைத் தட்டில் போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

பாக்ஸை இறக்கிப் பிளேட்டைக் கழற்ற ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது. கோதண்டபாணி ஒரு மரச்சட்டத்தை அளந்து வெட்டி, கிளட்ச் பெடலை அடிவரை அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தார். மிதித்தபடியே கிடந்தால் தானே பிரியலாம். ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கோதண்டபாணி வீட்டுக்குப் போனபோது துர்கா முகம் சரியில்லாமல் இருந்தாள். அப்பாவின் இடது காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் சதை கல்லாகத் திரண்டிருந்தது. பாதம் கீழ்நோக்கி விறைத்து, விரல்கள் மடங்கி நின்றன. எதையோ அடிவரை மிதித்த கால் மாதிரி.

"எப்போலருந்தும்மா?"

"நேத்து சாயந்தரத்துலருந்து. இது ஸ்பாஸ்டிசிட்டி மாமா. பக்கவாதத்துல சதை இப்படி இழுத்துக்கும். நெறைய பேருக்கு வரும்."

"இவுருக்கு இதுக்கு முன்னாடி வந்துச்சா?"

துர்கா இன்னும் அழுத்தித் தேய்த்தாள். "வலி" என்றார் பழமலைநாதன்.

கோதண்டபாணி வேறெதுவும் பேசாமல் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் பறந்தார். வழியில் ஒரு லாரியையும் இரண்டு பஸ்ஸையும் ஓவர்டேக் செய்ததாகச் சொல்வார். ஷெட்டைத் திறந்து, பொம்மைகளைப் பார்க்காமல் குனிந்து, மரச்சட்டத்தைத் தட்டி எடுத்தார். பெடல் மேலே வந்தது. பிளேட் பிரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார்.

"இப்போ எப்பிடிம்மா இருக்குது?"

"எளகிடுச்சு" என்றாள் துர்கா. உடனே, "நான் தேச்சேன், எளகிடுச்சு" என்று சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை. இனி ஒரே வழிதான். எஞ்சினைச் சூடேற விட்டு, அணைத்து, கியரில் போட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் வண்டி கிளட்சைக் கேட்காமலே கிளம்பும். ஓட ஓட கிளட்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விட வேண்டும். அந்த உலுக்கலில் பிளேட் கழன்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சுலபத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் எஞ்சின் அணையும். மறுபடி முதலிலிருந்து.

"அவுருக்கு வண்டிச் சத்தம் கேக்கட்டும், போன அப்படியே வெச்சிடுங்கண்ணே" என்று அன்புக்கரசி சொல்லியிருந்தாள். கோதண்டபாணி செல்போனை ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டில் வைத்தார். நைனா முகம்மது பின் சீட்டில் ஏறி, கண்ணை இறுக மூடி, உதட்டுக்குள் ஓத ஆரம்பித்துவிட்டார். மெயின் ரோடு முனையில் நடந்ததற்கு அவரால் சாட்சி சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

"போலாமா பழமல?" என்று கோதண்டபாணி போனைப் பார்த்துக் கேட்டார்.

"ம்" என்றது போன்.

சாவியைத் திருப்பினார். அம்பாசிடர் உதறி எழுந்து வெயிலுக்குள் பாய்ந்தது. பல வருஷத் தூசு பின்னால் புகையாக எழுந்தது. ஆள் இல்லாத தொழிற்பேட்டைச் சாலை. இருபுறமும் பூட்டிய ஷெட்டுகள், உடைந்த ஜாடிக் குவியல்கள். கிளட்ச் உதவி இல்லாமலே, எஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்து இரண்டாவது கியருக்கு மாற்றினார். அந்த வித்தை அவருக்கு நிஜமாகவே தெரியும். இடது காலால் பெடலை உயிரைக் கொடுத்து மிதித்தார். ஆக்சிலேட்டரைக் கொடுத்தார், விட்டார். வண்டி ஆடுகுதிரைபோல் முன்னும் பின்னும் குலுங்கியது. பிளேட் பிரியவில்லை. கொடுத்தார், விட்டார். பிரியவில்லை.

தொழிற்பேட்டை முடிந்து, மெயின் ரோடு முனை தெரியும் இடத்தில், அவருடைய இடது காலில் குரக்குவலி பிடித்தது. தொடை வரை சுருட்டி இழுத்தது. "அய்யோ" என்று காலைத் தூக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டார். பெடல் மேலே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, மெயின் ரோட்டில் பெண்ணாடம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று, வானம் வரை கரும்பை ஏற்றிக்கொண்டு, முனையை அடைத்துத் திரும்பியது.

கோதண்டபாணி வலது காலால் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் சக்கரத்தை விடவில்லை. வண்டி முக்கி முக்கிக் கரும்பை நோக்கிப் போனது. டேஷ்போர்டில் துர்காவின் குரல் கேட்டது. அங்கே வீட்டில், கடைசித் தடவையாக, அவள் தன் சோதனையைச் செய்துகொண்டிருந்தாள்.

"அப்பா, என் கைய அழுத்துங்க."

கோதண்டபாணி குனிந்து பார்த்தார். பார்க்கத்தான் செய்தார். அவர் காலுக்கு அரை அடி கீழே, ரப்பர் தேய்ந்த அந்தக் கிளட்ச் பெடல், ஒருவரும் தொடாமல், கீழே போனது. தயங்கித் தயங்கிப் போகவில்லை. முப்பது வருஷம் ஓட்டின ஆள் மிதிக்கிற மாதிரி, ஒரே மிதியில் அடிவரை போய் நின்றது.

அடியில் படாரென்று ஒரு சத்தம். ஷெட்டில் மிச்சமிருந்த பொம்மைகளெல்லாம் ஒரே நேரத்தில் உடைந்ததுபோல. எஞ்சின் பாரம் விட்டு, சுதந்திரமாக உறுமியது. பிரேக் பிடித்தது. ஒரு கரும்புத் தோகை முன் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது. வண்டி நின்றது, எஞ்சின் அணையாமல்.

போனில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

கோதண்டபாணி லீவரை முதல் கியருக்குத் தள்ளினார். எண்ணெய் வைத்த தலையில் சீப்பு போவதுபோலப் போனது. அவர் காலைக் கீழே வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை. ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் உட்காரக்கூடாது என்பதுபோல இருந்தது.

டிராக்டர் போனது. பெடல் மெல்ல மேலே வர ஆரம்பித்தது. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது.

வீட்டு வாசல் வரை இப்படித்தான். அவர் லீவரைத் தொட்டால் பெடல் இறங்கியது. லீவர் விழுந்ததும் ஏறியது. ஸ்பீடு பிரேக்கரில், மாடு குறுக்கே வந்த இடத்தில், ரயில்வே கேட்டில், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நைனா முகம்மது ஜங்ஷன் ரோட்டில்தான் கண்ணைத் திறந்தார். முன்னால் எட்டிப் பார்த்தார். கோதண்டபாணியின் இடது கால் சீட்டின் மேல் சம்மணம் போட்டிருப்பதைக் கண்டார். ஆடுகிற பெடலையும் கண்டார். உடனே மறுபடி மூடிக்கொண்டார்.

வண்டி வாசலில் நின்றது. லீவரை நியூட்ரலுக்கு இழுத்து, எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கி, கோதண்டபாணி நொண்டிக்கொண்டு உள்ளே போனார். வாய் தயாராக இருந்தது. சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது. அறைக்குள் போனதும் அத்தனையும் கலைந்தது.

அன்புக்கரசி சுவரோரம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். பழமலைநாதன் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்க வியர்வை, வேலை செய்த ஆளின் வியர்வை. துர்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கை இன்னும் அப்பாவின் இடது பாதத்தின் கீழேயே இருந்தது. எடுக்க மறந்தவள்போல, எடுக்கப் பயந்தவள்போல.

"என்னாம்மா?" என்றார் கோதண்டபாணி.

"அம்மா, வேன்காரருக்குப் போன் பண்ணி நாளைக்கி வர வேணாம்னு சொல்லிடு."

"துர்கா, நான் ஒண்ணு சொன்னா நம்புவியா? வண்டியில..."

"சொல்லாதீங்க மாமா. எனக்குத் தெரியும்." அவள் திரும்பாமலே பேசினாள். "அழுத்துனாரு. மொதல்ல சதை இழுப்புன்னுதான் நெனச்சேன். நெறைய காலப் பாத்திருக்கேன். இழுப்பா இருந்தா வெடுக்குனு அழுத்தும், வெடுக்குனு விட்டுடும்."

"இவுரு?"

"இவரு வெடுக்குனு விடல மாமா. வண்டி அணையாம எடுக்கறவங்க எப்படி விடுவாங்களோ அப்படி, கொஞ்சம் கொஞ்சமா, மெதுவா விட்டாரு. வழி பூரா, ஒவ்வொரு தடவையும்."